பெயர் தாங்கிய பலகை

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுவோர் கல்வெட்டுகளைத் தேடுவர், ஏடுகளைப் புரட்டுவர், முதியோரின் வாய்மொழியைக் கேட்டுக் குறித்துக்கொள்வர். அவ்வூரின் வாயிலில் வெயிலிலும் மழையிலும் நின்று, வருவோர்க்கெல்லாம் ஊரின் பெயரை உரைத்துக்கொண்டிருக்கும் மரப்பலகையை மட்டும் எவரும் நோக்குவதில்லை. நிற்கும்வரை அதனைப் பொருட்படுத்துவார் இல்லை; விழுந்த பின்னரோ, அதில் என்ன எழுதியிருந்தது என்பதை நினைவுகூர்வாரும் இல்லை.

பள்ளி விடுமுறை நாள்களில் சிறுவர்களைக் கூட்டி, ஆளுக்கொரு பலகையும் தூரிகையும் சிறிது வண்ணமும் கொடுத்து, பெயர்ப்பலகை எழுதச் செய்வது எளியதொரு கைவேலையாகும். பிள்ளைகளின் பொழுது நன்முறையில் கழியட்டும் என்பதற்கு மேல் அதில் பெரிய நோக்கம் எதுவும் இருப்பதாகப் பலரும் கருதுவதில்லை. ஆனால் மலாக்கா மாநிலத்துத் தமிழ்த் தோட்டங்களின் வரலாற்றோடு இதனை இணைத்து நோக்கினால், இச்சிறு கைவேலை பெரியதொரு கடமையின் தொடக்கமாதலைக் காணலாம். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் தந்த பெயர்கள்

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் ரெம்பியா. அவ்வூர்ப் பலகையைக் கடந்து செல்வோர் பலர். அப்பெயரின் பொருளை வினவுவோர் சிலர். ரெம்பியா அல்லது ரும்பியா என மலாய் மொழியில் வழங்குவது ஒருவகைப் பனை. அதன் ஓலை கூரை வேய உதவியது. அதன் தண்டினுள் இருக்கும் சோற்றைக் கரைத்தெடுத்த மாவு, இத்தீவக மக்கள் பலருக்கு உணவாயிற்று. அம்மாவை உருட்டி மணியாக்கியதே பழைய சவ்வரிசி. சாவகத்திலிருந்து வந்த அரிசி என்பதனால் அப்பெயர் வந்தது என்பர். இன்று தமிழகத்தில் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படுகிறது. பெயர் மட்டும் பழைய பனையின் வழியையும் கடலின் வழியையும் சுமந்து நிற்கிறது. பண்டிகை நாளில் பாயசத்தில் மிதக்கும் சவ்வரிசியை அறியாத தமிழ்ச் சிறுவன் இல்லை. அது தன் ஊரின் பெயரோடு உறவுடையது என்பதை அவனுக்குச் சொல்வார்தாம் இல்லை.

மலாக்கா என்னும் பெயரும் ஒரு மரத்தின் பெயரே. பரமேசுவரர் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, சருகுமான் ஒன்று அவருடைய வேட்டைநாயை எதிர்த்து உதைத்ததாகவும், அதனை வியந்த அவர் அவ்விடத்திலேயே நகரமைத்து, தாம் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே அதற்கு இட்டதாகவும் மலாய் மரபு கூறும். அம்மரம் வேறன்று, நாம் நன்கறிந்த நெல்லியே. அதியமான் ஔவைக்கு ஈந்த கனியைத் தந்த அதே இனம், கடல் கடந்த ஒரு பேரரசின் தலைநகருக்கும் பெயர் தந்திருக்கிறது.

இவ்வாறே டுரியான் துங்கால் என்பது ஒற்றை டுரியான் மரத்தைக் குறிக்கும். அலோர் காஜா என்பதில் உள்ள காஜா, வடமொழிவழி வந்து நம் இலக்கியத்திலும் பயிலும் யானையின் பெயர். குறிஞ்சி, முல்லை, மருதம் என நிலத்துக்கு மலரின் பெயரையும் மரத்தின் பெயரையும் சூட்டிய இனத்தவர்க்கு இப்பெயர்கள் அயலாகத் தோன்ற வேண்டியதில்லை. பலகையில் எழுதிய ஒரு சொல், ஆராய்வார்க்கு ஒரு பாடநூலின் பக்கமாக விரிகிறது.

கல்லில் நின்றவையும் மரத்தில் மறைந்தவையும்

தமிழர் எழுதிய எழுத்துகளுள் காலத்தை வென்று நின்றவை பெரும்பாலும் கல்லிலும் செம்பிலும் பொறித்தவையே. தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் கிடைத்த சிறியதோர் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பொன்னை உரைத்துப் பார்த்த தொழிலாளி ஒருவர் தம் கருவியின்மீது பெயரைப் பொறித்துக்கொண்டார்; அதனால் அவருடைய பெயர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகவும் அழியாது நிற்கிறது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றுண்டு. சீனத்துச் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றுண்டு. மலாக்காத் துறையைப் பலமுறை தொட்டுச் சென்ற சீனக் கடற்படைத் தலைவர் செங் கோ 1409ஆம் ஆண்டில் பொறிப்பித்து இலங்கையின் காலியில் நிறுத்திய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் இடம்பெற்றன. அக்கடல்வழியில் யார் எம்மொழியைப் படித்தனர் என்பதற்கு அக்கல் ஒன்றே போதிய சான்றாகும்.

ஆனால் அன்றாட வாழ்வின் எழுத்து கல்லில் எழுதப்படுவதன்று. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வணிகரும் புலவரும் கள் விற்போரும் தத்தம் அடையாளமாகக் கொடிகளை உயர்த்தியிருந்ததைக் கூறுகிறது. சிலப்பதிகாரம், புகார் நகரப் பண்டசாலையில் பொதிகளின்மேல் உரியவரின் பெயரைப் பொறித்த கண்ணெழுத்தைக் குறிப்பிடுகிறது. கடையின் கொடியும் பொதியின் எழுத்துமே இன்றைய பெயர்ப்பலகையின் முன்னோர் எனலாம். அவற்றுள் ஒன்றேனும் இன்று நம் கையில் இல்லை. துணி மக்கிற்று, சாக்கு கிழிந்தது, மரத்தைக் கறையான் தின்றது. அரசர் சொல் கல்லில் நின்றது. எளியோர் சொல் மரத்தோடு போயிற்று.

தமிழ் மரபோ பலகையைத் தாழ்வாகக் கருதிய மரபன்று. தகுதியுடையார்க்கு மட்டுமே இடம் தந்ததாகக் கூறப்படும் சங்கப்பலகையின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். நூலின் தகுதியை அளக்கும் பொறுப்பையே ஒரு பலகைக்குக் கொடுத்த மரபு நம்முடையது. அத்தகைய மரபில் வந்தோர், தம் ஊரின் பெயர் எழுதிய பலகையைப் பேணாது விட்டது வியப்புக்குரியதே.

தோட்டத்து வாயிலில் நின்ற பலகை

மலாக்காவில் தமிழரின் வாழ்வு தோட்டத்தோடு தொடங்கியதன்று. சுல்தான்களின் காலத்திலேயே தமிழ் வணிகர் அங்குச் செல்வாக்குடன் விளங்கினர். 1511ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபின், தமிழ் வணிகரான நைனா சாத்து அங்குப் பெண்டகாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தப்பட்டார். ஒல்லாந்தர் ஆட்சியில் 1781ஆம் ஆண்டில் செட்டிச் சமூகத்தார் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினர். நகரத்துத் தமிழருக்குக் கோயிலும் தெருவும் ஆவணமும் இருந்தன; ஆதலின் அவர்தம் வரலாறு ஓரளவேனும் எழுதப்பட்டது.

தோட்டத் தமிழரின் நிலை வேறு. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் அதனைப் பெருமளவில் விரிவாக்கினார். மலாயாவின் ரப்பர்த் தொழிலுக்கு வணிக நோக்கில் அடிகோலிய முயற்சி அதுவே. அதனைத் தொடர்ந்து காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகளின்வழித் தமிழகச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அவ்வரவு, இடையிடையே தளர்ந்தபோதிலும், தொடர்ந்தது.

அவர்கள் வந்து சேர்ந்த இடத்தின் வாயிலில் ஒரு பலகை நின்றது. அதில் தோட்டத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஆங்கில எழுத்தில் இருந்தன. உள்ளே செல்லச் செல்ல வேறு பலகைகள்: காட்டின் எண்ணையும் மரம் நட்ட ஆண்டையும் பரப்பையும் குறிப்பவை, அலுவலகத்தைக் குறிப்பவை, மருந்தகத்தைக் குறிப்பவை. மரத்துக்கு ஆண்டு எழுதப்பட்டது. மனிதர் வந்த ஆண்டு எழுதப்படவில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரைபிடித்து மரம் சீவி, பால் சுமந்து, லயத்துக்குத் திரும்பிய பெருமக்களுள் பலர் அப்பலகைகளைப் படிக்கும் வாய்ப்பைப் பெறாதவர்கள்.

அவர்கள் வேறொன்று செய்தார்கள். தாம் வாழ்ந்த இடங்களைத் தம் நாவுக்கேற்ப வழங்கினார்கள். கல் எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லாகிய ‘பத்து’ தமிழ் நாவில் பத்து என்னும் எண்ணாக ஒலிக்க, முருகன் குடிகொண்ட குன்று பத்துமலை ஆயிற்று. கெடாவின் சுங்கை பெட்டானி தமிழர் வாயில் சுங்கைப் பட்டாணி ஆயிற்று. பினாங்கில் அருவி வீழும் குன்று தண்ணீர்மலை ஆயிற்று. இப்பெயர்கள் கோயிலாலும் நகராலும் புகழ் பெற்றமையால் நின்றுவிட்டன. தோட்டங்களிலும் அவற்றின் பிரிவுகளிலும் லயங்களிலும் ஓடைக்கரைகளிலும் வழங்கிய எண்ணற்ற பெயர்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பலகையில் இருந்தது ஒரு பெயர். நாவில் இருந்தது மற்றொரு பெயர். நாவின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

எழுத்தறிவு தோட்டத்துக்குள் வந்தது பள்ளியின்வழி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்த விதி. பல இடங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையாகவே இருந்தது, ஆசிரியரும் ஒருவரே. எனினும் அக்கொட்டகையின் முகப்பில் தமிழில் எழுதிய ஒரு பலகை தொங்கியபோது, தோட்டத்துப் பிள்ளை தன் மொழியில் தன் இடத்தின் பெயரை முதன்முறையாகப் படித்தது. அந்தப் பலகையின் மதிப்பை எவ்வாறு அளப்பது?

எழுத்து மாறிற்று, இடமும் மாறிற்று

பலகைகள் காலத்தின் மாற்றத்தைத் தம்மேல் தாங்கியவை. 1972ஆம் ஆண்டில் மலாய் மொழிக்குப் புதிய எழுத்துக்கூட்டல் வகுக்கப்பட்டபின், ஆற்றையும் சிற்றூரையும் குறிக்கும் சொற்களின் எழுத்துகள் ஊர்ப் பலகைகளில் மாறலாயின. பழைய கூட்டலில் எழுதிய பலகை எஞ்சியிருப்பின், அது பெரும்பாலும் அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்கக்கூடும்.

தமிழெழுத்துக்கும் அத்தகைய அடையாளம் உண்டு. பெரியார் 1935ஆம் ஆண்டில் தம் இதழில் வழங்கத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் அதனால் மறைந்தன. மலேசியத் தமிழுலகும் பின்னர் அம்மாற்றத்தை ஏற்றது. பழைய லை, யானையின் துதிக்கை வளைந்தாற்போல மேலே சுழி கொண்டது. ஆகவே ‘பாடசாலை’ என்று எழுதிய பழைய பலகை ஒன்று கிடைக்குமாயின், அதன் ஈற்றெழுத்தை நோக்கி அதன் காலத்தை ஓரளவு உய்த்துணரலாம். கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவைக்கொண்டு நூற்றாண்டை வகுப்பது போன்றதே இதுவும்.

ஆனால் எழுத்து மாறியதைவிடப் பெரிய மாற்றம் இடம் மாறியது. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டையொட்டித் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருசேர இழந்த மக்களின் துயரைக் கண்டு, துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய அம்முயற்சி, ஊரைக் காக்க ஊராரே முன்வந்த முயற்சியாகும். எனினும் காலத்தின் ஓட்டத்தை முழுதும் தடுக்க இயலவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பின்னர் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர்.

1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. மலாக்கா மாநிலத்தில் எஞ்சியிருப்பவை 21. இவற்றுள் சில இன்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கியுள்ளன. நாட்டின் பல பகுதிகளில் தோட்டம் மறைந்துவிட்டது, லயம் மறைந்துவிட்டது, பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் நிற்கிறது. அப்பெயரைத் தன் சட்டைப்பையின்மேல் சின்னமாக அணிந்து வரும் மாணவன், அத்தோட்டம் எங்கிருந்தது என்பதை அறிவானா? அறியமாட்டான் எனின், குறை அவனுடையதன்று.

காட்டுவழியில் தொங்கிய சீட்டுகள்

இக்குறையைத் தீர்க்கப் பெரிய நூல்கள் வேண்டும், ஆய்வுகள் வேண்டும், அவை அறிஞர்களின் பணி. ஆனால் ஒரு பள்ளியின் சிறுவர்கள் தம் விடுமுறையில் செய்யக்கூடிய பணியும் ஒன்றுண்டு. அதற்கு உலகில் முன்மாதிரி இல்லாமலில்லை.

அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் பிராங்கு லட்சு, 1925ஆம் ஆண்டில் நியூயார்க்கை அடுத்த காட்டுப்பகுதியில் ஒரு நடைவழியை அமைத்தார். வழியோரத்து மரஞ்செடிகளையும் பிறவற்றையும் விளக்கும் சீட்டுகளை அங்கங்கே தொங்கவிட்டார். வகுப்பறையும் ஆசிரியரும் இல்லாமலே, நடந்து செல்வோர் படித்துக்கொண்டே சென்றனர். அவர் அதனோடு நிற்கவில்லை. மற்றொரு வழியில் விடைகளை எழுதாது வினாக்களை மட்டும் எழுதித் தொங்கவிட்டார். முதல் வழியில் கற்றவர் இரண்டாம் வழியில் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டனர். இன்று உலகெங்கும் பூங்காக்களில் காணப்படும் விளக்கப் பலகைகளுக்கு இம்முயற்சி முன்னோடிகளுள் ஒன்று.

நகரத்துக்கும் இம்முறை பொருந்தும் என்பதை இலண்டன் அதற்கு முன்னரே காட்டியிருந்தது. புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பட்டயம் பதிக்கும் திட்டம் அங்கு 1866ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மறு ஆண்டில் கவிஞர் பைரனுக்கு முதற்பட்டயம் பதிக்கப்பட்டது. பின்னர் அவர் பிறந்த அவ்வீடு இடிக்கப்பட்டது. வீடுகள் நிலையானவையல்ல என்பதற்கும், பெயரை எழுதி வைப்பதன் தேவைக்கும் இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் மரபிலும் இத்தகைய விளையாட்டு இல்லாமலில்லை. நவராத்திரிக் கொலுப் படிகளின் கீழே, சிறுவர்கள் மண்ணைக் கொட்டிக் கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டுச் சிற்றூர் அமைப்பர். அதில் குளம் இருக்கும், கோயில் இருக்கும், அட்டையில் எழுதி நட்ட ‘பள்ளிக்கூடம்’, ‘தொடர்வண்டி நிலையம்’ என்னும் பெயர்களும் இருக்கும். ஊரை உருவாக்கும் குழந்தை, பெயரை எழுதினாலன்றித் தன் ஊர் முழுமை பெறாது என்பதை எவரும் சொல்லித் தராமலே உணர்கிறது.

மேலும், 1952ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாளும், ‘தமிழ் முரசு’ இதழ் வளர்த்த மாணவர் மணிமன்றமும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிறுவர்களை எழுதவும் பேசவும் ஆடவும் கூட்டின. பிள்ளைகளின் ஓய்வுநேரத்தைத் தமிழ்ப்பணியாக மாற்றும் கலை நமக்குப் புதியதன்று. மறந்ததை மீட்டுக்கொண்டால் போதும்.

பலகை செய்யும் முறை

இனி, இப்பணியை ஒரு பள்ளி எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பதைக் காண்போம்.

முதற்படி, மரத்தைத் தேடுவதன்று; பெயரைத் தேடுவது. விடுமுறை தொடங்குமுன் ஆசிரியர் ஒவ்வொரு மாணவரிடமும் மூன்று வினாக்களைக் கொடுத்து அனுப்புக: பாட்டனார் அல்லது பாட்டியார் வாழ்ந்த தோட்டம் எது? பலகையில் அதற்கு என்ன பெயர்? தமிழர் அதனை என்ன பெயரிட்டு அழைத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை கூறவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்; நெடுங்காலம் இருக்கமாட்டார்கள். இருவர் வெவ்வேறு பெயர் கூறின், இரண்டையும் எழுதிக்கொள்க. சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளும் மாணவன் அன்றே வரலாற்றாசிரியன் ஆகிறான்.

அடுத்தது மரம். நன்கு உலர்ந்த, பிளவில்லாத பலகையாக இருத்தல் வேண்டும். ரப்பர் மரம் பதப்படுத்தப்படாவிடின் பூச்சிக்கும் பூசணத்துக்கும் எளிதில் இரையாகும்; வெளியில் நிற்கும் பலகைக்கு மெராந்தி போன்றது ஏற்றது. தொங்கவிடுவதற்குரிய துளைகளை வண்ணம் பூசுமுன் பெரியவர் ஒருவர் இட்டுத் தருக. பின்னர் உப்புத்தாளால் மர நாரின் போக்கிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்து, அடிப்பூச்சு இருமுறை பூசுதல் வேண்டும். பலகையின் முகத்தைவிட வெட்டுமுனைகளே நீரை மிகுதியாகக் குடிக்கும். அவற்றைப் பூசாது விடுவோர், அடுத்த மழைக்காலத்தில் பலகை உப்பிப் பிளப்பதைக் காண்பர்.

வண்ணத்தில் விழிப்பு மிக வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு பயப்பது. ஈய வெள்ளையைப் பயன்படுத்தும் வண்ணப்பூச்சுத் தொழிலில் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்தலாகாது என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1921ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை வகுத்தது. ஆகவே ஈயமற்றதென்று குறிக்கப்பட்ட, நீரில் கரையும் வண்ணத்தையே சிறுவர்க்குத் தருக. பழைய பலகை ஒன்று கிடைத்துவிட்டால், அதனைச் சுரண்டிப் புதுப்பிக்கும் வேலையை அவர்களிடம் ஒருபோதும் விடலாகாது. அதனை உள்ளவாறே படமெடுத்துப் பாதுகாப்பதே முறை.

எழுதுவதற்கு முன் கோடு. ஆங்கிலப் பேரெழுத்துக்கு இரண்டு கோடுகள் போதும். தமிழுக்கு நான்கு வேண்டும். இகர ஈகாரச் சுழிகளும் புள்ளியும் மேலே எழும். உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். இதனை எண்ணாது பலகை நிறைய எழுதத் தொடங்குவோர், இறுதியில் புள்ளிக்கு இடமின்றித் தவிப்பர். புள்ளி விடுபட்டால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். ஓலையில் எழுதிய முன்னோர் ஏடு கிழியும் என அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். படிப்போர் இடமறிந்து இட்டுப் படித்தனர். பலகையில் எழுதுவோர்க்கு அந்த அச்சமும் இல்லை. அந்த உரிமையும் இல்லை. ஓரங்குல உயரமுள்ள எழுத்து ஏறத்தாழப் பத்தடித் தொலைவில் நன்கு தெரியும் என்பது பலகை எழுதுவோரின் கணக்கு. அதற்கேற்ப எழுத்தின் அளவை வகுத்துக்கொள்ளலாம்.

வடிவம் கைவராத சிறுவர்க்கு ஒரு வழியுண்டு. தாளில் எழுத்தை வரைந்து, அதன் ஓரங்களில் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, பலகைமேல் வைத்துக் கரித்தூள் முடிந்த துணியால் ஒற்றினால், எழுத்து புள்ளிகளாகப் பதியும். பின்னர் புள்ளிகளை இணைத்துத் தூரிகையை ஓட்டலாம். பெரிய விளம்பரப் பலகை எழுதிய ஓவியர்கள் கையாண்ட முறையே இது. புள்ளி வைத்துக் கோலமிடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது எளிதில் வசப்படும்.

எழுதி முடித்த பலகைகளைப் பள்ளி வளாகத்தில் வரிசையாக நிறுத்துக. உயிருள்ள மரத்தில் ஆணி அறைதல் வேண்டா, கயிற்றில் தொங்கவிடலாம், கம்பு நட்டும் பொருத்தலாம். முதற்பலகை ஊரின் பெயருக்கு உரியதாகுக. ரெம்பியாவாயின், ‘ரெம்பியா: சவ்வரிசி தந்த பனையின் பெயர்’ என்று ஒரு வரி போதும். அடுத்தவை, மாணவர்களின் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களின் பெயர்கள். ஒவ்வொன்றின்கீழும் நாவில் வழங்கிய தமிழ்ப்பெயர். பலகையின் பின்புறத்தில், லட்சு செய்தாற்போல, ஒரு வினா. நடந்து படித்து வந்த மாணவன், திரும்பிச் செல்லும்போது வினாக்களுக்கு விடை கூறிக்கொண்டே செல்வான்.

தூரிகை செய்யும் தொண்டு

இத்தனை முயற்சி எதற்கு, கணினியில் எழுத்தை வெட்டி ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் பலகை ஆயத்தமாகிவிடுமே என்று வினவுவோர் உளர். 1980களில் பரவத் தொடங்கிய அம்முறையால் கையெழுத்துப் பலகைக் கலைஞர்களின் தொழில் பெரிதும் நலிந்தது. வணிகர்க்கு விரைவு வேண்டும். அதனைக் குறைகூற இயலாது. ஆனால் கற்பவனுக்கு விரைவு உதவாது. ஒரு பெயரை நான்கு கோடுகளுக்குள் அளந்து, எழுத்தெழுத்தாக வரைந்து, உலரக் காத்திருந்து, மீண்டும் பூசும் சிறுவன், அப்பெயரோடு இரண்டு நாள் வாழ்கிறான். இரண்டு நாள் உடனிருந்த பெயரை மனிதன் எளிதில் மறப்பதில்லை. திரைப்பட விளம்பரப் பலகைகளை எழுதிப் பிழைத்த எம். எப். உசேன் பின்னாளில் இந்தியாவின் பெரும் ஓவியருள் ஒருவராக விளங்கினார். பலகை கையை மட்டுமன்றிக் கண்ணையும் பயிற்றுகிறது.

மரப்பலகை நிலைத்து நில்லாது என்பது உண்மையே. பத்தாண்டு நிற்கலாம், அதற்குள்ளும் மங்கலாம். ஆனால் அதுவே அதன் குறையன்று, நிறையுமாகும். கல் ஒருமுறை பொறித்தால் போதும். பின்னர் எவரும் அதனைத் தீண்ட வேண்டியதில்லை. மரமோ ஒவ்வொரு தலைமுறையும் தன்னை மீண்டும் எழுதுமாறு வேண்டிநிற்கிறது. மங்கிய பலகையின் இடத்தில் புதியதை எழுதும் மாணவன், தனக்கு முன் எழுதியவனை எண்ணுவான். அவன் யாரிடம் கேட்டு எழுதினான் என்று வினவுவான். அவ்வினா எழும்வரை அந்தத் தோட்டம் வாழும்.

மரத்துக்கு ஆண்டு எழுதியவர்கள் மனிதருக்கு எழுதாது சென்றார்கள். அந்த விடுபட்ட வரியை எழுதும் உரிமை அம்மனிதரின் பேரப்பிள்ளைகளுக்கு உண்டு. வரும் விடுமுறையில் ஒரு பலகையும் ஒரு தூரிகையும் ஒரு முதியவரின் நினைவும் கூடுமாயின், அவ்வரி எழுதப்படும். ஆசிரியப் பெருமக்கள் அதற்கு வழிகாட்டுவார்களாக. மாணவர்கள் நான்கு கோடிட்டு, புள்ளி விடாது எழுதுவார்களாக.